இருபதாவது பேர்

1954 ஜூன் 7, திங்கட்கிழமை

காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். இரவு முழுக்கப் பெய்த மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சாப்பிட்டு, ஆறரைக்குக் குடையோடு இறங்கினேன். ஆறு ஐம்பதுக்கு ஆலையின் கேட்டைத் திறந்தேன். மேஜையைத் துடைத்தேன். பேனாவில் மை நிரப்பினேன். வரவுப் பதிவேட்டில் தேதி எழுதினேன். ஏழு மணிக்கு எஞ்சின் டிரைவர் கேசவன் ஆயில் எஞ்சினை ஓடவிட்டான். சத்தம் சீரானதும் வெளியே வந்து பேர் விளித்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பாறசாலையிலிருந்து இஞ்சிவிளைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தும்பு ஆலையில் நான் ரைட்டர். கதம்பல் என்று நாங்கள் சொல்லும் ஊறிய தேங்காய் மட்டையை, ஆணிகள் பதித்த இரும்பு உருளையில் கொடுத்துத் தும்பு நாரைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே நடந்தது. வரவுப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, சர்க்காருக்குப் போகும் ரிட்டர்ன்கள் எல்லாம் என் பொறுப்பு.

பேர் விளிக்கும்போது எங்கள் பக்கத்தில் யாரும் 'ஆஜர்' என்று சொல்வதில்லை. 'உண்டு' என்பார்கள். என் பெயர் பதிவேட்டின் முதல் வரியில் இருந்தது. அதைத் தவிர்த்துப் பதினெட்டுப் பெயர்களை வரிசையாக விளிப்பேன். பதினெட்டு முறை 'உண்டு' வரும். நான் பதிவேட்டை மூடப் போகும் நேரத்தில், கதம்பல் குவியலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்:

"நானும் உண்டாக்கும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அது தங்கம்மை. உருளைக்குக் கதம்பல் சுமந்து கொடுப்பது அவள் வேலை. ஆலையில் அவள் இருபதாவது ஆள். பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

"எவளுக்க பேரு புக்கில இல்லியோ அவளுக்க சத்தந்தான் ஊரு கேக்கும்," என்பாள் பொன்னம்மை. தும்பு உலர்த்தும் பெண்களில் மூத்தவள்.

"பேருதான் இல்ல, எக்கா. தொண்டை உண்டல்லா?"

அன்றும் இது நடந்தது. பத்தே முக்காலுக்குச் சாயக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். நெய்யாற்றின்கரை பஸ்ஸிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கியிருக்கிறார், கடையில் நின்று தேநீர் குடிக்கிறார் என்று தகவல். முதலாளி நாகமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"தங்கம்மை, அந்தக் கடவத்தை எடுத்துட்டுக் கேட்டுக்கு வெளிய போய் நில்லு. அவரு போனப்புறம் வந்தா மதி."

அவள் பனையோலைக் கடவத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒழுங்கான மனிதர். ஆலையைச் சுற்றி நடந்து, விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு என் மேஜைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினார்.

"எத்ர பேருண்டு?"

"பத்தொன்பது," என்றேன்.

அவர் எண்ணியதும் பத்தொன்பது. தலையசைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கடவத்தோடு மழையில் நிற்கும் பெண் யார் என்று கேட்டார்.

முதலாளி வாய் திறப்பதற்கு முன்பே நான் சொன்னேன்:

"கதம்பல் விற்க வந்தவள்."

அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்ட கணத்தில் என் வாயிலிருந்து தானாக வந்தது. வருகைப் புத்தகத்தில் அவர் எழுதினார்: பத்தொன்பது பேர் வேலையில் இருந்தனர், கேட்டருகே கதம்பல் விற்க வந்த பெண் ஒருத்தி. கீழே கையெழுத்திட்டார். நான் ஒற்றுத்தாள் வைத்து மையை உலர்த்தினேன்.

அவர் போனதும் முதலாளி என் முதுகில் தட்டினார். "ரைட்டரே, உமக்க நாக்கில சரசுவதியாக்கும் இருக்கா!" சாயக்கடையிலிருந்து எனக்கு ஒரு சாயையும் இரண்டு மட்டி வாழைப்பழமும் வந்தன. தங்கம்மை நனைந்த துணியோடு உள்ளே வந்து வேலையைத் தொடர்ந்தாள்.

அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரி: இன்ஸ்பெக்டர் வருகை. குறை எதுவும் காணப்படவில்லை.

பேரும் ஆளும்

இளைய ரைட்டர்களுக்கு அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடும் இடத்தில் இருபது பேர் சம்பளத்துக்கு இருந்தால், தொழிலாளர் காப்பீட்டுக்கு முதலாளி தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று ஏற்கெனவே வந்துவிட்டது. காப்பீட்டின் டாக்டரும் மருந்தும் எங்கள் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. அவை வருவதற்கு முன்னோடியாக முதலாளிமாரின் பங்கு மட்டும் முதலில் வந்தது. பத்தொன்பது பேர் என்றால் ஒன்றும் இல்லை. இருபது என்றால் உண்டு.

தங்கம்மை 1953-இல் வேலைக்கு வந்த அன்றே நான் முதலாளியிடம் சொன்னேன்.

"இருபதாச்சு, முதலாளி. இனி ரிட்டர்ன் அனுப்பணும்."

"இருபது ஆளுதானே ஆச்சு? இருபது பேரு ஆவல்லியே."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நீரு எழுதினா ஒண்ணு. எழுதல்லைன்னா ரெண்டு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தை ஒருநாளும் தாமதிக்கவில்லை. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்தார், தங்கம்மைக்கும் சேர்த்து. அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

"ஆஸ்பத்திரி எங்கேயாக்கும் இருக்கு? காட்டும், நாளைக்கே கெட்டுதேன். இல்லாத ஆஸ்பத்திரிக்கு நான் என்னத்துக்குக் கெட்டணும்? அதும் போகட்டு, இந்தப் பாறசாலை மதராசுக்குப் போவுமா, இங்கயே கிடக்குமான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எந்தச் சர்க்காருக்குக் கணக்குச் சொல்ல? எல்லை முடிவாகட்டு. அன்னைக்கு அவளுக்க பேரை நீரு தங்க மையில எழுதும்."

'எல்லை முடிவாகட்டு.' அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைக் கேட்காத நாள் இல்லை. திருவனந்தபுரத்து ஆட்சியின் கீழ் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால், எல்லை முடிவாகட்டு. பத்திரம் பதிய வேண்டுமா, எல்லை முடிவாகட்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால்கூட அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதையும் செய்யாமல் இருப்பதற்கு ஊர் முழுவதும் ஒரே காரணம் கிடைத்திருந்தது.

காப்பீடு டெல்லிச் சட்டம். எல்லை எங்கே விழுந்தாலும் அது மாறப் போவதில்லை. முதலாளிக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் முழுக்கப் படித்தவன் நான்தான். ஆனாலும் 'முடிவாகட்டு' என்று நானும் தலையசைத்தேன்.

1954 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை

ஆலையில் எழுதுவது போக வேறொன்றும் எழுதிக்கொண்டிருந்தேன். பாறசாலைப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி டெல்லிக்கு அனுப்பும் மனு அது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஊர்க்காரர்கள் என்னிடம் கொடுத்திருந்தார்கள். இங்கே தமிழர் தொகையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது மனுவின் முதல் வாதம். ஆகவே வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, தொழில் மூன்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று நானே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிறு தங்கம்மையின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ரப்பர் வெட்டு வேலைக்காக ஆரியங்கோட்டில் தங்கியிருந்தார். அவள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதில பேரெழுதினா என்ன கிட்டும், சாரே?"

நான் விளக்கினேன். நம்முடைய எண்ணிக்கையைக் குறைத்து எழுதிவிட்டார்கள், இருக்கிற ஆளை இல்லை என்று காட்டுகிறார்கள், அது அநியாயம் என்றேன். மேடையில் பேசுகிறவர்களின் சொற்கள் என் வாயிலும் வந்தன.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு.

"இருக்குத ஆளை இல்லைன்னு எழுதினாவளா? அய்யோ, அது பெரிய பாவமாக்கும், சாரே."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது முகம் சுட்டது.

"தங்கம்மை, ஆலை விஷயம் வேற. எல்லை முடிவாகட்டு, அப்புறம்..."

"ஆவட்டு, ஆவட்டு. எனக்க பேருக்கு டெல்லிக்குப் போவ வழி தெரியும். கம்பெனிக்கு வரத்தான் வழி தெரியாது போல. எங்க ஒப்பிடணும், சொல்லுங்க."

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டித் தன் பெயரைத் தானே எழுதினாள். அதற்கு முன்னால் என் கையெழுத்தில் இருந்த வரி இது: தங்கம்மை, வயது 26, தும்பு ஆலைத் தொழிலாளி, பாறசாலை. பக்கத்தின் தலையில் தேதி இருந்தது. மை காய்ந்ததும் பக்கம் முழுவதையும் அதே தேதியோடு ஒரு பிரதி எழுதி, அதிலும் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். மூலம் டெல்லிக்குப் போனது. பிரதி என் இரும்புப் பெட்டியில் இருந்தது. பிரதி எடுத்து வைக்காமல் எந்தக் காகிதத்தையும் நான் அனுப்பியதில்லை.

1954 செப்டம்பர் 23, வியாழக்கிழமை

ஆகஸ்டுக்குப் பிறகு நிலைமை கெட்டுவிட்டது. மார்த்தாண்டம் பக்கம் எல்லைப் போராட்ட ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு எங்கள் சாலையில் போலீஸ் வண்டிகள் ஓடாத நாள் இல்லை. கூட்டத்துக்குப் போனவர்கள் இரவில் வீட்டில் படுக்கவில்லை. உருளையில் கதம்பல் கொடுக்கும் இரண்டு ஆண்களும் மூன்று வாரமாக ஆலைக்கு வரவில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று தினமும் குறித்தேன். வராதவர்களின் பெயர் புத்தகத்தில் இருந்தது என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆள் இல்லாததால் தங்கம்மையை உருளையில் நிறுத்தினார் முதலாளி.

"கேசவனுக்க பக்கத்தில நின்னு பாத்துப் படிச்சுக்கோ, மக்கா. கஷ்டமொண்ணும் இல்ல."

பத்து நாள் நன்றாகத்தான் செய்தாள். வியாழன் பிற்பகல் மூன்று இருபதுக்கு எஞ்சின் சத்தத்துக்கு மேல் ஒரு கூச்சல் கேட்டது. நான் மேஜையிலிருந்து எழுந்து ஓடுவதற்குள் கேசவன் பெல்ட்டைத் தள்ளிவிட்டிருந்தான். ஊறிய கதம்பல் வழுக்கி, அவளுடைய வலது கை உருளைக்குள் போயிருந்தது. பொன்னம்மை தன் மேல்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றினாள். சாலையில் வந்த ஒரு வாடகைக் காரை நிறுத்தி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலாளியும் நானும் பொன்னம்மையும் கூடப் போனோம். வழி முழுக்க முதலாளி அழுதார். அது நடிப்பில்லை.

ஆஸ்பத்திரியில் எழுதுபவர், எப்படி நடந்தது, எங்கே வேலை என்று கேட்டார். முதலாளியின் கண்ணீர் நின்றது.

"வேலைக்காரி இல்ல சார். கதம்பல் விக்க வந்தவளாக்கும். வேடிக்கை பாக்குதேன்னு கைய வச்சுட்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இல்லியா, ரைட்டரே?"

தங்கம்மை பெஞ்சில் கிடந்தாள். அவளுக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது.

நான் தலையசைத்தேன்.

சொல் என்னுடையது. ஜூன் மாதம் மழையில் ஜன்னலருகே நின்று நான் சொன்ன அதே சொல். முதலாளி அதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

1955 மார்ச் 14, திங்கட்கிழமை

நஷ்டஈடு கேட்டு அவள் மனு கொடுத்திருந்தாள். விசாரணை திருவனந்தபுரத்தில் நடந்தது. முதலாளி காரில் வக்கீலோடு போனார். நான் பதிவேடுகளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு ஏழரை பஸ்ஸில் ஏறினேன். அதே பஸ்ஸில் தங்கம்மையும் அவள் கணவரும் பொன்னம்மையும் இருந்தார்கள். தங்கம்மை வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"சாரே, அந்தக் கெட்டை மடியில வச்சுக்கிடவா?" என்று இடது கையை நீட்டினாள். நிற்க இடமில்லாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். தனக்கு எதிரான பதிவேடுகளை நெய்யாற்றின்கரை வரை அவள்தான் மடியில் வைத்திருந்தாள்.

விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பொன்னம்மையை முதலில் விசாரித்தார்கள்.

"அவ எனக்க கண்ணு முன்னால ஒரு வருஷத்துக்கு மேல வேலை செய்தவளாக்கும். சம்பள நாளில எனக்குப் பின்னால நின்னு வாங்குவா."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே? சிநேகிதமா?" என்று முதலாளியின் வக்கீல் கேட்டார்.

"ஒரே ஊருன்னா பொய் சொல்லணுமா சார்? நீங்களும் முதலாளியும் ஒரே கார்லதானே வந்திய?"

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ஆனால் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு சீட்டு, ஒரு ரசீது, எதுவானாலும் சரி. தங்கம்மையிடம் எதுவும் இல்லை. அவள் சம்பளத்துக்கு நான் சீட்டு கொடுத்ததில்லை. கதம்பல் வாங்கிய செலவு என்று எழுதியிருந்தேன்.

பிறகு என் பதிவேட்டைக் கேட்டார். இரண்டு ஆண்டுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். தினமும் பத்தொன்பது வரிகள். ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தல் இல்லை, ஒரு இடத்தில் மை சிந்தவில்லை.

"நல்ல கையக்ஷரம்," என்றார். இவ்வளவு சுத்தமாக எழுதப்பட்ட பதிவேட்டைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். வருகைப் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் எழுதியிருந்ததையும் படித்தார். கதம்பல் விற்க வந்த பெண். விபத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே அவள் அப்படித்தான் வந்துபோயிருக்கிறாள் என்று ஆகிவிட்டது.

அப்போது தங்கம்மை எழுந்தாள்.

"சார், ஒரு கடலாசில உண்டு. டெல்லிக்குப் போன மனுவில, தும்பு ஆலைத் தொழிலாளின்னு எனக்க பேரை எழுதினாவ. கை போறதுக்கு முன்ன எழுதினதாக்கும். எழுதினது இந்தச் சார்தான்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளிக்கு அந்த மனுவைப் பற்றித் தெரியாது. அவருடைய புருவம் உயர்ந்தது. அதிகாரி என்னிடம் தமிழிலேயே கேட்டார்: "அப்படி ஒரு காகிதம் உண்டா? உங்க கையில் இருக்கா?"

என் மனதில் என்னென்ன ஓடின என்பதை அன்றிரவே எழுதி வைத்திருக்கிறேன். மனு எழுதியவன் என்று தெரிந்தால் போலீஸ் வரும். வேலை போகும். மற்றவர்களின் பெயர்களும் வெளியே வரும். இதில் மூன்றாவது காரணத்தைத்தான் எனக்கு நானே பெரிதாகச் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மனு சர்க்காருக்கே போனது. முதல் கையெழுத்து என்னுடையது. மறைக்க அதில் ஒன்றுமே மிச்சம் இல்லை.

நான் சொன்னேன்: "என் கையில் இல்லை."

ஒவ்வொரு சொல்லும் சரி. காகிதம் என் கையில் இல்லை. வீட்டில், பெட்டியில் இருந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டிருந்தால் கொண்டுவந்திருக்கலாம். அதிகாரி கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்பார் என்று ஒரு கணம் பயந்தேன். கேட்கவேண்டுமென்று விரும்பினேன் என்றும் அன்று எழுதியிருக்கிறேன். அதை இப்போது என்னால் நம்ப முடியவில்லை. அவர் கேட்கவில்லை. குறித்துக்கொண்டார்.

வேலையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று மனு தள்ளப்பட்டது. இரக்கத்தின் பேரில் ஏதாவது கொடுப்பதாக முதலாளி வராந்தாவில் சொன்னார். "நான் கதம்பல் விக்க வந்தவதானே? கதம்பலுக்க விலை நேத்தே தீந்துபோச்சு, முதலாளி," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

நாலரை பஸ்ஸிலும் ஒன்றாகத்தான் திரும்பினோம். பாறசாலையில் இறங்கும்போது அவள் என் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சாரே, அந்தக் கடலாசு வீட்டில உண்டா?"

அதிகாரி கேட்காமல் விட்ட கேள்வி.

"உண்டு," என்றேன்.

"அப்ப சரி. நான் பொய்க்காரி இல்லைன்னு ஒரு இடத்திலயாவது கிடக்கட்டு. வாறேன்."

பிறகு

அடுத்த ஆண்டு எல்லை முடிவானது. களியக்காவிளையும் அதற்கு அப்பாலும் சென்னை மாநிலம், இப்பால் கேரளம். பாறசாலை இந்தப் பக்கமே இருந்துவிட்டது. எங்கள் மனுவால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒரே ஒரு பெயருக்கு அந்தக் காகிதம் பயன்பட்டிருக்கும். அதை நான் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

விசாரணை முடிந்த மாதத்திலிருந்தே ஆலை இருபது பேருக்கும் பங்கு கட்டத்தான் செய்தது. ரிட்டர்ன் அனுப்பினேன். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார். ஆலை ஓடியது. யாரும் மூழ்கவில்லை. எது நடக்கும் என்று அவரும் நானும் பயந்தோமோ அது இவ்வளவுதான். எனக்கு மிகுந்த வருத்தம் இதில்தான். பெரிய ஆபத்துக்குப் பயந்து அவளை விட்டிருந்தால்கூட ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

தங்கம்மை கணவரோடு ஆரியங்கோட்டுக்குப் போய்விட்டாள். சில ஆண்டுகள் கழித்து ஒரு ரப்பர் தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டைச் சரிபார்க்க அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். இடது கையில் ரப்பர் பால் வாளி. என்னை முதலில் கண்டவள் அவள்தான்.

"சாரே, சுகந்தானா? இப்பம் எல்லாருக்க பேரும் எழுதுறியளா?"

எழுதுகிறேன் என்றேன்.

"நல்லது," என்றாள். கிண்டலா, நிஜமாகவே சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடினேன். பதினோராவது வரியில் இருந்தது. வேறொருவருடைய கையெழுத்து, கோணல்மாணலாக, இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தி. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து திருப்புறம் வரை பல சிறு கம்பெனிகளுக்குப் பதிவேடும் ரிட்டர்னும் பார்க்கிறேன். என்னிடம் வேலை படிக்க வருகிறவர்கள், எத்தனை பேர் வரை கட்டாமல் தப்பலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுடைய முதலாளிமார் அப்படிக் கேட்டுவரச் சொல்லியிருப்பார்கள். நான் எண்ணைச் சொல்வதில்லை. பதிவேடு சுத்தமாக இருக்கிறதா என்று யாராவது பெருமையாகக் காட்டினால், வெளியே போய் ஆளை எண்ணிவிட்டு வா என்கிறேன். நீங்கள் எழுதாமல் விடும் பெயர் காப்பீட்டிலிருந்து மட்டும் விடுபடுவதில்லை. அந்த ஆள் அங்கே நின்றார் என்பதற்கே பிறகு சாட்சி இருக்காது. அழகான கையெழுத்து அதை இன்னும் உறுதியாக்கும். இதை நான் புத்தகத்திலிருந்து படிக்கவில்லை.

1955 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை

விசாரணைக்கு மறுநாள். ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஆறு ஐம்பதுக்குக் கேட்டைத் திறந்தேன். மேஜையைத் துடைத்தேன். பேனாவில் மை நிரப்பினேன். பதிவேட்டில் தேதி எழுதினேன்.

ஏழு மணிக்குக் கேசவன் எஞ்சினருகே போனான். "நில்லு, கேசவா," என்றேன்.

கதம்பல் சுமக்க ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு முன்பு வந்திருந்தாள். அவளை எழுத வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவளை மேஜைக்குக் கூப்பிட்டேன்.

"பேரென்ன?"

"சரோஜம்."

இருபதாவது வரியில் எழுதினேன். முதல் எழுத்து பிழையாக விழுந்தது. வெட்டிவிட்டு மறுபடி எழுதினேன். அந்தப் பதிவேட்டில் முதல் திருத்தல் அதுதான்.

பிறகு வெளியே வந்து பேர் விளித்தேன். பதினெட்டு 'உண்டு' வந்தது. முன்பெல்லாம் தங்கம்மையின் குரலுக்குச் சிரிப்பு எழும் இடம் அது. பிறகு, "சரோஜம்" என்றேன். அவள் விழித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டி, உண்டுன்னு சொல்லு," என்றாள் பொன்னம்மை. என்னை அவள் பார்க்கவில்லை.

"உண்டு," என்றாள் சரோஜம்.

அதற்குப் பிறகு எஞ்சினை ஓடவிடச் சொன்னேன்.